டிப்ளமா என்றால் இளப்பமா?

மார்த்தாண்டத்தைச் சுற்றிப் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. அதனாலோ என்னவோ, எலக்ட்ரானிக்ஸ் படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு பாலிடெக்னிக் என்று சொன்னால் வீட்டில் முகம் சுளிக்கிறார்கள். "டிப்ளமாவா? நாலு பேர் கேட்டா என்ன சொல்ல?"

கணக்கைச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்பு முடித்து, நாகர்கோவில் கோணத்தில் இருப்பதுபோல ஒரு அரசு பாலிடெக்னிக்கில் சேர்ந்தால் மூன்று வருடம். பிறகு லேட்டரல் என்ட்ரியில் பி.இ. நேராக இரண்டாம் ஆண்டு, இன்னும் மூன்று. மொத்தம் ஆறு. பிளஸ் டூ வழியாகப் போனாலும் இரண்டும் நாலும் ஆறுதானே!

ஆனால் நடுவில் வீட்டுக் கஷ்டத்தால் படிப்பு நின்றுபோனால்? டிப்ளமாக்காரன் கையில் வேலைக்குக் காட்ட ஒரு சான்றிதழ் இருக்கும். பி.இ.யைப் பாதியில் விட்டவனுக்கு பிளஸ் டூ மார்க் ஷீட்தான் மிச்சம். போதாததற்கு, பதினாறு வயதிலேயே சால்டரிங் அயர்னும் மல்டிமீட்டரும் பழகிவிடுகின்றன. பி.இ.யில் கணக்குப் பாடம் முதலில் கொஞ்சம் இடிக்கும், அதையும் மறைக்கக்கூடாது. ஐஐடி கனவுள்ள பிள்ளை பிளஸ் டூ வழியிலேயே போகட்டும்.

பி.இ. சேர்க்கப் போகும்போது நாக் கிரேடைப் பெரிதாகக் காட்டுவார்கள். அது மொத்தக் கல்லூரிக்கும் உரியது. எலக்ட்ரானிக்ஸ் பிரிவுக்கு என்.பி.ஏ. அங்கீகாரம் உண்டா, எந்த வருடம் வரை என்று தனியாகக் கேளுங்கள்.