கோயில் இங்க இருக்கு, பக்தர்கள் எங்க போனாங்க?



இது கொஞ்சம் நீளமான பதிவு. பூஜை நேரம், உபய விவரம் எதுவும் இதில் இல்லை. வீட்டு விஷயம். பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க.

நம்ம மடப்பள்ளியில் பதினாலு வருஷமா வெள்ளிக்கிழமை சமைச்ச அக்கா ஒருத்தங்க, போன மாசம் அண்டாவைக் கழுவிக் கவுத்து வச்சிட்டு, "தம்பி, அடுத்த வாரத்திலிருந்து என்னை எதிர்பார்க்காதீங்க. ராவாங் பக்கம் போறோம்"னு சொன்னாங்க. வாடகைக்கு இருந்த ஃபிளாட்டை வீட்டுக்காரர் வித்துட்டாராம். ரெண்டு மாசம் டைம் கொடுத்திருக்காரு. மகன், மருமகள், ரெண்டு பேரப்பிள்ளைங்க, அக்கா, மொத்தம் அஞ்சு பேர். இந்தப் பக்கம் மூணு ரூம் வீடு கேட்டா 1,800 வெள்ளி வாடகை. ரெண்டு மாச டெபாசிட், ஒரு மாச முன்பணம், தண்ணி கரண்டுக்கு அரை மாசம். ஆக, சாவி கைக்கு வர 6,300 வெள்ளி வேணும். இதுல ரெண்டு இடத்துல போன் பண்ணினப்போ பேரைக் கேட்டதுமே "இந்தியர்னா வேணாம்"னு வச்சிட்டாங்க.

நாங்க கேட்டோம், "ஏன்க்கா, மாநில அரசாங்க வீட்டுக்கு முன்னமே பதிஞ்சு வச்சிருக்கலாமே?"

அக்கா எங்களைப் பார்த்தாங்க. "நீங்கதானப்பா சொன்னீங்க, நமக்கெல்லாம் கிடைக்காதுன்னு."

உண்மை. சொன்னது நாங்கதான். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால, அன்னதானப் பந்தியில் இலை போட்டுக்கிட்டே போற போக்கில் சொன்ன வார்த்தை. நாங்க மறந்துட்டோம். கோயில்ல தொண்டு செய்றவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு அவங்க நம்பிட்டாங்க. அதனாலதான் இந்தப் பதிவு.

பழைய ஆளுங்களுக்குத் தெரியும், நம்ம கோயில் நிற்கிற இடம் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம், அப்புறம் செம்பனை. லயத்தில் இருந்தவங்க சம்பளத்தில் மிச்சம் பிடிச்சு, மண் சுமந்து கட்டின கோயில் இது. தோட்டத்தை வித்தாங்க, லயத்தை இடிச்சாங்க. லயத்து வீடு வேலையோட ஒட்டின வீடு. வேலை போனா வீடும் போச்சு. நாப்பது வருஷம் பால் மரம் வெட்டினவங்க பேரில் ஒரு கதவு கூட இல்லை. அதுக்கப்புறம் புறம்போக்கு, நீளவீடு, மலிவு விலை ஃபிளாட். 1982லிருந்து 1998 வரைக்கும் மலிவு விலை வீடு 25,000 வெள்ளின்னு அரசாங்கம் நிர்ணயிச்சிருந்துச்சு. 1998க்கு அப்புறம் இடத்தைப் பொறுத்து 42,000 வரை போச்சு. அப்போ ஃபாரம் போட்டு வாங்கினவங்க இன்னைக்கு யாருக்கும் வாடகை கொடுக்காம இருக்காங்க. "ஃபிளாட்டா, மாடி ஏறணுமா, தரை வீடு வரட்டும்"னு காத்திருந்தவங்க நிறைய பேர் இன்னும் காத்திருக்காங்க.

இன்னைக்குக் கோயிலைச் சுத்திக் கொண்டோ. சாமி நடுவில், நாலு பக்கமும் முப்பது மாடி. கட்டினவங்க பிள்ளைங்க ராவாங், பந்திங், நீலாய்னு போயிட்டாங்க. வெள்ளிக்கிழமை பூஜைக்கு வர டோலும் எண்ணெயும் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கு. தேர் வடம் பிடிக்க ஆள் இல்லைன்னு ஒவ்வொரு வருஷமும் புலம்புறோம். வடம் பிடிக்கிற கை எங்க குடியிருக்குன்னு ஒரு நாளாவது கேட்டோமா?

கணக்கு பார்ப்போம். புருஷன் சம்பளம் 2,800, பொண்டாட்டிக்குக் குறைந்தபட்ச சம்பளம் 1,700. மாசம் 4,500, வருஷம் 54,000. வீட்டு விலை ஒரு வருஷ வருமானத்தைப் போல மூணு மடங்குக்குள்ள இருந்தாத்தான் கட்டுபடியாகும்னு ஒரு அளவுகோல் இருக்கு. கசானா ஆய்வுக் கழகம் 2015ல் போட்ட அறிக்கையிலும் அதைத்தான் எடுத்துக்கிட்டாங்க. அப்படின்னா இந்தக் குடும்பத்துக்கு 162,000 வெள்ளி வீடு. கோலாலம்பூர், கிள்ளான் பக்கம் அந்த விலைக்குப் புது வீடு கட்டி விற்கிற தனியார் யாரையும் நாங்க பார்க்கலை.

ஆனா சிலாங்கூர்கூ இடாமான் வீடு 250,000. மூணு ரூம், ரெண்டு பாத்ரூம், 1,000 சதுர அடி. பத்து சதவீதம் கையில இருந்து கட்டி, மிச்சம் 225,000க்கு 4 சதவீத வட்டியில் 35 வருஷ லோன் போட்டா, மாசம் சுமார் 1,000 வெள்ளி. அக்கா வீட்டுக்குக் கேட்ட வாடகை 1,800. இந்த ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க.

"கோட்டா இருக்கே, நம்மளுக்கு எங்க கொடுப்பாங்க"ன்னு கேட்பீங்க. கோட்டா இருக்கு. தெரியும். சலுகை ஒரு பக்கம் அதிகம், ஒரு பக்கம் கம்மி. அதைப் பத்திக் கேள்வி கேட்கணும், கேட்கிறவங்களும் இருக்காங்க. ஆனா ஃபாரமே போடாதவங்களுக்கு எந்தக் கோட்டாவும் இல்லை. நூறு பேர் பதிஞ்சு பத்து பேருக்குக் கிடைச்சா, மிச்சத் தொண்ணூறு பேருக்காகக் கேள்வி கேட்கலாம். பத்து பேர்தான் பதிஞ்சிருக்கோம்னா எந்த முகத்தோட கேட்கிறது?

ஃபாரம் போட்ட பிறகும் நம்ம ஆளுங்க எங்க தடுக்கி விழுறாங்கன்னு நாங்க பார்த்ததைச் சொல்றோம்.

1. காடி. ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்து மூணு மாசத்தில் புதுக் காடி, 9 வருஷ லோன். மாசம் 700 அதுக்கே போனா, வீட்டு லோனுக்குப் பேங்க் தலையாட்டாது. முதல்ல வீட்டுக்கு லோன், அப்புறம் காடி.

2. சிசிரிஸ். கடைசி 12 மாசம் லோன் எப்படிக் கட்டினோம்னு பேங்க் அதுலதான் பார்க்கும். பேங்க் நெகாராவில் இலவசமாவே நம்ம ரிப்போர்ட்டைப் பார்த்துக்கலாம். பிடிபிடிஎன் பாக்கி, நண்பனுக்குப் போட்ட ஜாமீன் எல்லாம் முன்னமே தெரிஞ்சா சரி பண்ண நேரம் இருக்கு.

3. இபிஎஃப். 2024 மே மாசத்திலிருந்து மூணு கணக்கு. வீடு வாங்க எடுக்கிறது செஜாத்ரா கணக்கிலிருந்து. ஆனா எஸ் அண்ட் பி கையெழுத்து ஆன பிறகுதான் விண்ணப்பிக்க முடியும். அதனால முன்பணம் கையில் வேணும். ஃபிளெக்சிபல் கணக்கு இருக்கேன்னு போனுக்கும் டூருக்கும் எடுத்துடாதீங்க.

4. சம்பள சிலிப் இல்லாதவங்க. கடை வச்சவங்க, டெலிவரி ஓட்டுறவங்க, பூ கட்டுறவங்க எல்லாருக்கும் எஸ்ஜேகேபின்னு அரசாங்க உத்தரவாதத் திட்டம் இருக்கு. 2008லிருந்தே இருக்கு. முதல் வீட்டுக்கு மட்டும். பேங்க்ல அந்தப் பேரைச் சொல்லிக் கேளுங்க.

"கோயில்ல சாமி காரியம் மட்டும் பேசுங்க, இதெல்லாம் ஒய்பி பார்க்க வேண்டிய வேலை"ன்னு சில பெரியவங்க எங்களைக் கண்டிச்சாங்க. பெரியவங்க மேல எங்களுக்கு மரியாதை உண்டு. ஆனா தோட்டத்து காலத்தில் சம்பளப் பிரச்சினை, கல்யாணம், சாவு எல்லாமே கோயில் திடல்லதானே பேசினோம்? பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கும்பாபிஷேகத்துக்கு வீடு வீடா ஏறி இறங்கி ரசீது புத்தகத்தை நீட்டுறோம். அதே படியில் ஏறி "உங்களுக்கு வீடு இருக்காம்மா"ன்னு கேட்டா தப்பா? கும்பாபிஷேகம் வேணாம்னு சொல்லலை. கோபுரமும் வேணும், அதைப் பார்த்துக் கும்பிடக் குடும்பமும் பக்கத்தில் வேணும்.

இன்னொன்று. ஜாதகம் மாத்திக்கிற இடத்தில் "சொந்த வீடா, வாடகையா"ன்னு சத்தமா கேட்கிற பழக்கத்தை நாமதான் நிறுத்தணும். அந்த வெட்கத்தில்தான் பதினாலு வருஷம் எங்களுக்குச் சோறு போட்ட அக்கா, அஞ்சு தடவை வீடு மாறினதைக் கூட வாய் திறந்து சொல்லலை. நாங்களும் கேட்கலை.

வர்ற மாசத்திலிருந்து, ஒவ்வொரு முதல் ஞாயிற்றுக்கிழமையும் அன்னதானம் முடிஞ்சு மதியம் 2 மணிக்கு மண்டபத்தில் ஒரு மேசை போடுறோம். லேப்டாப், பிரிண்டர் இருக்கும். பதிவு செய்யத் தெரிஞ்ச நம்ம பிள்ளைங்க உட்காருவாங்க. ஐசி, பிள்ளைங்க பிறப்புப் பத்திரம், கல்யாணப் பத்திரம், மூணு மாசச் சம்பள சிலிப், இபிஎஃப் அறிக்கை எடுத்துட்டு வாங்க. ஏற்கனவே பதிஞ்சவங்க போன் நம்பர், வீட்டு முகவரி மாறியிருந்தா அதையும் மாத்திடலாம். வாடகை வீடு தேடுறவங்களும் வரலாம். காலி வீடு வச்சிருக்கிற அன்பர்கள் தயவுசெஞ்சு எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க, நம்ம குடும்பத்துக்கு முதல்ல கொடுங்க.

காசு வாங்க மாட்டோம். ஜாமீன் போட மாட்டோம். வீடு கிடைக்கும்னு வாக்குக் கொடுக்கவும் மாட்டோம். கோயில் பேரைச் சொல்லி யாராவது முன்பணம் கேட்டா நம்பாதீங்க.

முதல் ஃபாரம் அக்கா மகனோடது. போன ஞாயிறு நாங்களே ராவாங் போய்ப் பதிஞ்சிட்டு வந்தோம். அன்னைக்கு நாங்க அப்படிச் சொன்னப்போ அந்த வீட்டு வருமானம் 3,000க்குள்ள, 42,000 வெள்ளி வீட்டுக்கு விண்ணப்பிக்கத் தகுதி இருந்துச்சு. கிடைச்சிருக்குமா, யாருக்குத் தெரியும். இப்போ ரெண்டு பேர் சம்பளம் சேர்ந்து அந்த வரம்பைத் தாண்டிடுச்சு. இனி 250,000 வீடுதான். வித்தியாசம் 208,000 வெள்ளி. நாங்க பந்தியில் சும்மா சொன்ன ஒரு வார்த்தைக்கு அந்தக் குடும்பம் கொடுக்கப்போற விலை அது.

அக்கா கோபப்படலை. காப்பி போட்டுக் கொடுத்து, "ஆடி வெள்ளிக்குக் கூழ் காய்ச்ச ஆள் இருக்கா"ன்னு கேட்டாங்க. நாங்க காடி எடுத்துட்டு வந்து கூட்டிட்டுப் போறோம்னு சொல்லியிருக்கோம்.

இனிமே யாரும் யாருகிட்டயும் "நமக்கெல்லாம் கிடைக்காது"ன்னு சொல்லாதீங்க. தெரியலைன்னா மேசைக்கு அனுப்பி வைங்க.

அம்மன் துணை.