மண்ணுக்கு அடியில் ஒரு நகரம், மேலே ஒரு நகரம்

ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில், நெதர்லாந்து எல்லைக்கு அருகே, ரைன் ஆற்றை ஒட்டிய க்ஸான்டன் என்ற சிற்றூரில் ஒரு ரோமானிய நகரம் நிற்கிறது என்று சொன்னால் அது பாதி உண்மைதான். நகரம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. மேலே தெரியும் மதிலும் வாயிலும் கோயிலும் அரங்கமும் கடந்த ஐம்பது ஆண்டுகளுக்குள் கட்டப்பட்டவை. அங்குள்ள தொல்லியல் பூங்காவில் கடந்த கோடையில் இரண்டு நாள்களைச் செலவிட்டேன். பழமையைக் கட்டிக் காட்டுவது சரியா என்ற பழைய கேள்வியை, அதை மிகப் பெரிய அளவில் செய்த ஓரிடத்தில் நின்று யோசிக்க வேண்டும் என்பதே நோக்கம்.

முதலில் வரலாறு. ரோமானியர் இங்கே நிறுவிய படைமுகாமின் பெயர் வெட்டரா. கி.பி. 69இல் பட்டாவியர் கிளர்ந்தெழுந்து அதை முற்றுகையிட்டனர். பசியால் பணிந்த வீரர்கள் வெளியேறும் வழியில் தாக்கப்பட்டதையும் முகாம் எரிந்ததையும் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். அதன்பின் ஒரு தலைமுறை கழித்து, கி.பி. 100ஐ ஒட்டி, முகாமுக்குச் சற்று வடக்கே இருந்த ஊருக்குப் பேரரசர் டிராஜன் குடியேற்ற நகரத் தகுதி அளித்தார். கொலோனியா உல்பியா டிராயானா என்று பெயர். பரப்பு 73 ஹெக்டேர். மக்கள்தொகை ஏறத்தாழ 10,000 என்று மதிப்பிடுகின்றனர்.

பேரரசு தளர்ந்தபின் நகரம் கைவிடப்பட்டது. பிற்காலத்து க்ஸான்டன் அதற்குத் தெற்கே, ஒரு தேவாலயத்தைச் சுற்றி வளர்ந்தது. அதனால்தான் பழைய நகரின் மேல் புதிய வீடுகள் எழவில்லை. ஐரோப்பாவில் இது அரிய வாய்ப்பு. ஆனால், கட்டடக் கல் கிடைக்காத அந்தத் தாழ்நிலத்தில் ரோமானிய நகரமே கல் குவாரியாயிற்று. சுவர்களை மட்டுமல்ல, அடித்தளக் கற்களையும் தோண்டி எடுத்துச் சென்றார்கள். எனவே, அகழாய்வாளர்களுக்குப் பல இடங்களில் கிடைத்தது சுவர் அல்ல, சுவர் பிடுங்கப்பட்ட பள்ளம். கல் போன இடத்தில் நிரம்பிய மண்ணின் நிறத்தைக் கொண்டு அங்கு ஒரு சுவர் நின்றது என்று அவர்கள் படிக்கிறார்கள். நிபுணர் கண்ணுக்கு அது போதும். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு வருகிற குடும்பத்துக்கு?

இந்தக் கேள்விக்கான விடையாக 1977இல் திறக்கப்பட்டதுதான் இந்தப் பூங்கா. அன்றிருந்த அவசரம் அறிவுத் தேடல் மட்டுமல்ல. நிலம் வேறு பயன்பாடுகளுக்குப் போய்விடும் என்ற அச்சமும் இருந்தது. ரைன்லாந்து வட்டார அரசமைப்பு நிலத்தைச் சிறிது சிறிதாக வசப்படுத்தியது. நகரின் குறுக்கே ஓடிய நெடுஞ்சாலையே பின்னர் திருப்பிவிடப்பட்டது. இன்று பூங்காவின் பெரும்பகுதி வெறும் புல்வெளி. பழைய தெருக்களின் போக்கில் பாதைகள் அமைத்து மரங்கள் நட்டிருக்கிறார்கள். புல்லுக்குக் கீழே நகரின் பெரும்பகுதி அகழப்படாமல் கிடக்கிறது. நம்மைவிட நல்ல கருவிகளோடு வரப்போகும் தலைமுறைக்கு அது விடப்பட்டிருக்கிறது. பார்ப்பவர்களில் பலர் இந்த வெற்றிடத்தைக் கடந்து கோயிலை நோக்கி விரைகிறார்கள். எனக்கு அந்தப் புல்வெளிதான் பூங்காவின் மிகப் பெரிய சாதனையாகத் தோன்றியது.

கோயிலுக்கும் வருவோம். துறைமுகக் கோயில் என்று அழைக்கப்படும் அது முழுமையாகக் கட்டப்படவில்லை. வேண்டுமென்றே பாதியில் நிறுத்தப்பட்டிருக்கிறது. உயர்ந்த மேடை, சில தூண்கள், அவற்றின் மேல் வண்ணம் தீட்டிய ஒரு மூலைப் பகுதி. அவ்வளவுதான். மேடைக்கு உள்ளே நுழைந்தால் உண்மையான ரோமானிய அடித்தளத்தைக் காணலாம். கண்டெடுத்தது கீழே, கற்பனை செய்தது மேலே; இரண்டுக்கும் நடுவிலுள்ள கோட்டை எவரும் தொட்டுப் பார்க்கலாம். கைவினைஞர் வீடுகளில் இன்னொரு வகை நேர்மை தெரிகிறது. அங்கே மண்ணை இடித்துக் கெட்டித்து எழுப்பிய சுவர்களையும் தரைக்கடியில் வெப்பம் செலுத்தும் அமைப்பையும் கட்டிப் பார்த்துச் சோதிக்கிறார்கள். கட்டுவதே ஆய்வாகிறது.

எல்லா மறுகட்டுமானமும் இப்படி அடக்கமாக நடந்துவிடவில்லை. பிராங்க்பர்ட் அருகே சால்பர்க் கோட்டை இருக்கிறது. இரண்டாம் வில்ஹெல்ம் பேரரசரின் ஆர்வத்தால் 1907 வாக்கில் கட்டி முடிக்கப்பட்டது. அதன் முதன்மை வாயில் முன் ரோமானியப் பேரரசர் அந்தோனினஸ் பயஸின் வெண்கலச் சிலை. ரோமானியரின் பேரரசருக்கு ஜெர்மானியரின் பேரரசர் வைத்த சிலை என்று லத்தீனில் பொறித்திருக்கிறார்கள். யாருக்காக அந்தக் கோட்டை எழுந்தது என்பது அந்த ஒரு வரியில் விளங்கிவிடும். மதிலின் மேற்பற்கள் மிக நெருக்கமாக வைக்கப்பட்டுவிட்டன என்பதும், ரோமானியச் சுவர்கள் பூச்சு பூசப்பட்டிருந்தன, இப்படிக் கல் தெரிய நிற்கவில்லை என்பதும் பின்னர் தெரிந்தன. ஆனால், கல்லில் கட்டிய பிழையை அடுத்த பதிப்பில் திருத்த முடியாது.

1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் அகழாய்வு இடங்களில் மறுகட்டுமானமே கூடாது, சிதறிக் கிடக்கும் அசல் பகுதிகளை மீண்டும் பொருத்தலாம் என்று மட்டும் அனுமதித்ததற்கு இத்தகைய அனுபவங்கள் பின்னணி. 2005இல் ஜெர்மனியின் ரோமானிய எல்லைக்கோடு உலக மரபுச் சின்னமானபோது, 1965க்குப் பிந்தைய மறுகட்டுமானங்கள் மரபுச் சின்னத்தில் சேராது என்று பிரித்துவிட்டார்கள். க்ஸான்டன் இடம்பெறும் கீழ் ஜெர்மானிய எல்லைக்கோடு 2021இல் அந்தத் தகுதியைப் பெற்றது. சாசனத்தின் கடுமை எனக்கு முழுதும் உடன்பாடில்லை. பொதுமக்களின் வரிப்பணத்தில் தோண்டிவிட்டு நிபுணருக்கு மட்டும் புரியும் பள்ளத்தைக் காட்டுவதும் ஒருவகை அலட்சியம்தான்.

க்ஸான்டனிலும் குறை உண்டு. 10,000 பேர் அமரக்கூடியதாக இருந்த வட்டரங்கின் ஒரு பகுதியை எழுப்பி, அதில் இசை நிகழ்ச்சிகளையும் வாள்வீரர் காட்சிகளையும் நடத்துகிறார்கள். மனிதர் செத்து மடிவதைக் கண்டு களித்த இடம் எளிதில் விளையாட்டுத் திடலாகிவிடுகிறது. இந்தக் கொண்டாட்டத்துக்கு மாற்று மருந்து, 2008இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பொதுக் குளியல் மாளிகையின் நுழைவு மண்டபம் நின்ற அதே அடித்தளத்தின் மேல், எஃகாலும் கண்ணாடியாலும் எழுப்பிய கட்டடம் அது. பழமையைப் போல நடிக்கவில்லை. அதன் பருமனை மட்டும் உணர்த்துகிறது. உள்ளே கூரையிலிருந்து ஒரு ரோமானியத் தட்டையடிப் படகு தொங்குகிறது.

இந்த ஊரின் புகழ்பெற்ற கண்டெடுப்பு மார்கஸ் கேலியஸ் என்ற படைத்தலைவரின் நினைவுக்கல். அதன் மூலம் இப்போது பான் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கி.பி. 9இல் வாரஸின் படை ஜெர்மானியரிடம் அழிந்தபோது, ஐம்பத்து மூன்றரை வயதில் இறந்தவர் அவர். உடல் கிடைக்கவில்லை, உடன்பிறந்தவர் கல் எடுத்தார். நம் நடுகல் மரபை அறிந்த எவருக்கும் அந்தக் கல் அந்நியமாகத் தோன்றாது. பதக்கங்கள் நிறைந்த அவர் மார்பின் இரு பக்கமும் இரண்டு சிறிய தலைகள்: பிரிவாட்டஸ், தியாமினஸ். அவரால் விடுவிக்கப்பட்ட அடிமைகள். பேரரசின் வீரத்தைச் சொல்ல வந்த கல்லே, யார் உழைப்பின் மேல் அந்த வீரம் நின்றது என்பதையும் சொல்லிவிடுகிறது.

ரைனுக்கும் நமக்கும் ஒரு மெல்லிய இழை உண்டு. க்ஸான்டன் அருகே ரைனில் கலக்கும் லிப்பே ஆற்றின் கரையில் ஓபராடன் என்ற படைமுகாம் இருந்தது. கி.மு. 11இல் தொடங்கி மூன்று நான்கு ஆண்டுகளே இயங்கிய அந்த முகாமில் மிளகு மணிகள் கிடைத்திருக்கின்றன. மிளகு அன்று சேர நாட்டை உள்ளிட்ட மேற்குக் கடற்கரையிலிருந்து போன சரக்கு.

அதே வணிக உலகத்தோடு தொடர்புடைய கீழடியில், அகழாய்வுக் குழிகளை அந்த இடத்திலேயே பாதுகாத்துத் திறந்தவெளி அருங்காட்சியகம் அமைக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு அறிவித்துள்ளது. 2023இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகக் கட்டடம் செட்டிநாட்டுப் பாணியில் எழுந்தது. அழகானதுதான், ஆயினும், ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய செங்கல் கட்டுமானங்களைப் பார்க்க வருகிற மாணவர் அந்த முற்றத்தையும் தூண்களையும் எந்தக் காலத்தோடு சேர்த்து நினைவில் வைப்பார் என்பது யோசிக்க வேண்டிய விஷயம். அகழாய்வாளர் அமர்நாத் ராமகிருஷ்ணன் அளித்த அறிக்கையைத் திருத்துமாறு இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறை 2025இல் கேட்டதும், அவர் தம் காலக்கணிப்பில் உறுதியாக நின்றதும் நாடறிந்தவை. ஒவ்வோர் ஆண்டுக்கணக்கும் அரசியலாகிவிட்ட ஓரிடத்தில், சான்றையும் ஊகத்தையும் கலந்து எழுப்பும் ஒரே ஒரு சுவர் போதும். ஐயப்படக் காத்திருப்பவர்களுக்கு அதைவிட நல்ல பரிசு கிடைக்காது.

இதைவிட அவசரமானது நிலம். கீழடித் தொல்மேடு ஏறத்தாழ 110 ஏக்கர். அகழப்பட்டது அதில் சிறு பகுதி. எஞ்சியதில் பெரும்பாலும் தென்னந்தோப்புகள், தனியார் சொத்து. தோண்டி ஆய்ந்தபின் பல குழிகளை மூடி நிலத்தை உரியவரிடம் ஒப்படைப்பதே இதுவரை நடந்தது. ஒத்துழைத்த விவசாயிகளுக்கு நியாயமான விலையோ நீண்டகாலக் குத்தகையோ தராமல் அந்த மேட்டைக் காக்க முடியாது. க்ஸான்டனில் இந்த வேலைக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. அடுத்த நிதிநிலை அறிக்கையில் கீழடி என்ற சொல் வரும்போது, கட்டடத்துக்கு எத்தனை கோடி என்பதை விட்டுவிட்டு, நிலத்துக்கு என்ன ஒதுக்கியிருக்கிறார்கள் என்றே நான் தேடப் போகிறேன்.