ரயிலும் சொந்த மோட்டாரும்

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சென்னையை விட்டுத் தென் ஜில்லாக்களுக்குப் போகும் ஜனங்கள் ஆண்டுதோறும் படுகிற அவஸ்தையைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. எழுதிப் பயன் என்ன என்று கேட்போரும் உண்டு. ரயிலில் இடமில்லை என்றால் சொந்த மோட்டாரை எடுத்துக்கொண்டு புறப்படுவதுதானே, அதிகாரிகளுடன் ஏன் மல்லுக்கு நிற்க வேண்டும் என்பது கற்றவர்களிடையே இப்போது பரவிவரும் அபிப்பிராயம். மேலுக்கு நியாயமாகத் தோன்றும் இந்தப் பேச்சினுள் பெருந்தீங்கு ஒன்று ஒளிந்திருக்கிறதென்று நாம் கருதுகிறோம்.

மோட்டாரின் சௌகரியத்தை யார் மறுக்கிறார்கள்? நாமும் மோட்டார் வைத்துக்கொண்டிருப்பவர்களே. நினைத்த நேரத்தில் கிளம்பலாம். விக்கிரவாண்டியில் காப்பி சாப்பிட ஆசைப்பட்டால் அங்கே நிறுத்தலாம். குழந்தை அழுதால் மரத்தடியில் ஒதுங்கலாம். மூட்டை முடிச்சுகளுடன் மேம்பாலப் படிகளில் மூச்சுவாங்க ஏற வேண்டியதில்லை. பண்டிகைக்கு முன்தினம் இரவு பெருங்களத்தூரிலும் பரனூர் சுங்கச்சாவடியிலும் வண்டிகள் நத்தைபோல் ஊர்கின்றன என்பது வாஸ்தவம். ஆயினும் அங்கே காத்திருப்பவன் தன் சொந்த ஆசனத்தில் அமர்ந்து காத்திருக்கிறான். அவனை எழுந்திரு என்று சொல்வார் இல்லை.

ரயில் பிரயாணியின் கதி வேறு. டிக்கெட்டுகளை 120 நாட்களுக்கு முன்பே பதிவு செய்யலாம் என்றிருந்த விதி 2024 நவம்பர் 1 முதல் 60 நாட்களாகக் குறைக்கப்பட்டது. கூலி வேலை செய்பவனுக்கும் கடைச் சிப்பந்திக்கும் அறுபது நாட்களுக்குப் பின் தனக்கு லீவு கிடைக்குமா என்பது எப்படித் தெரியும்? தெரிந்து, பதிவு தொடங்கும் காலை நேரத்தில் காத்திருந்தாலும், பண்டிகை நாளைய டிக்கெட்டுகள் சில நிமிஷங்களில் மாயமாய் மறைந்துவிடுகின்றன. பிறகு காத்திருப்போர் பட்டியல். பணத்தை முழுமையாக முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, இடம் தருவதாகவும் சொல்லாமல், இல்லையென்றும் சொல்லாமல், வாரக்கணக்கில் ஒருவனைத் தொங்கவிடும் வியாபாரம் வேறெங்கும் உண்டா? கடைசியில் இடமில்லை என்று கைவிரிக்கும்போதும் ஒரு சிறு தொகையைப் பிடித்துக்கொண்டே மீதியைத் திருப்பித் தருகிறார்கள். எஞ்சியது தட்கல். முந்தின நாள் காலை 10 மணிக்குக் குளிர்சாதன வகுப்புக்கும், 11 மணிக்கு மற்ற வகுப்புக்கும் கதவு திறக்கும். கூடுதல் கட்டணம் கொடுக்க வேண்டும். இடம் உறுதியான பின் பிரயாணத்தை ரத்து செய்தால் ஒரு காசும் திரும்பாது. தரகர்களைத் தடுப்பதற்காக 2025 ஜூலை முதல் இணையவழித் தட்கலுக்கு ஆதாரைக் கட்டாயமாக்கினார்கள். தரகர்களை ஒழிப்பதை வரவேற்கிறோம். ஆனால் தரகன் ஒழிந்துவிட்டால் மட்டும் இல்லாத இடம் முளைத்துவிடாது.

சட்டம் படித்தவர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. டிக்கெட் என்பது ஒப்பந்தம். ஒப்பந்தத்தில் இரு தரப்புக்கும் கடமை உண்டு. ஆனால் பிரயாணி தாமதமாக வந்தால் வண்டி போய்விடும். வண்டி தாமதமாக வந்தால் பிரயாணி காத்திருக்க வேண்டும். ஒரு குடும்பத்தார் இந்த ஒருதலை நியாயத்தை எதிர்த்து வழக்காடினார்கள். 2016-இல் அஜ்மீர்–ஜம்மு ரயில் நான்கு மணி நேரம் தாமதமானதால் ஸ்ரீநகருக்குச் செல்லும் விமானத்தைத் தவறவிட்டவர்கள் அவர்கள். தாமதத்துக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று ரயில்வே தரப்பில் கட்டண விதிகளை எடுத்துக்காட்டினார்கள். சுப்ரீம் கோர்ட் 2021 செப்டம்பரில் அந்த வாதத்தைத் தள்ளி, தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டி நிரூபிக்காவிட்டால் நஷ்டஈடு கொடுத்தே தீர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அருமையான தீர்ப்புத்தான். ஆனால் சில ஆயிரம் ரூபாய்க்காகக் கீழ்க் கமிஷன் தொடங்கி சுப்ரீம் கோர்ட் வரை ஐந்து வருஷம் நடக்கக்கூடியவர் நம்மில் எத்தனை பேர்? கோவில்பட்டியில் இறங்க வேண்டிய தீப்பெட்டித் தொழிலாளி மூன்று மணி தாமதத்துக்கு வக்கீல் வைப்பானா?

முன்பதிவில்லாத பொதுப்பெட்டியைப் பற்றிச் சொல்ல நமக்கு வெட்கமாக இருக்கிறது. 1917-ஆம் ஆண்டு மகாத்மா காந்தி பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் வந்த அனுபவத்தைப் பத்திரிகைகளுக்கு எழுதினார். டிக்கெட் 13 ரூபாய் 9 அணா. 22 பேருக்கென்று எழுதியிருந்த பெட்டி. வழி நெடுக அதில் அடைபட்டவர்களோ அதற்கு மிகவும் அதிகம். இரண்டு இரவுகளில் ஒரு தரமும் கூட்டிப் பெருக்கவில்லை. அக்கடிதத்தில் கண்ட பெட்டிக்கும், பண்டிகை இரவில் சென்னையிலிருந்து புறப்படும் ஒரு பொதுப்பெட்டிக்கும் அதிக வித்தியாசம் இருப்பதாக நாம் சொல்வதற்கில்லை. கழிப்பறை வாசலிலும் மனிதர்கள், படிக்கட்டிலும் மனிதர்கள். 1974-இல் மூன்றாம் வகுப்பு என்ற பெயரை எடுத்துவிட்டார்கள். பெயர்தான் போயிற்று.

வந்தே பாரத் ரயில்களைப் பெரம்பூரில் நம் தொழிலாளிகளே செய்தார்கள் என்பதில் நமக்குப் பெருமை உண்டு. 2023 செப்டம்பரில் சென்னைக்கும் நெல்லைக்கும் அதை விட்டபோது மகிழ்ந்தவர்களில் நாமும் அடக்கம். எனினும் அதில் முன்பதிவில்லாத பெட்டி ஒன்றுகூட இல்லை. காசுள்ளவனுக்கு வண்டி வேகமாக ஓடுகிறது. காசில்லாதவனுக்கோ பழைய வண்டியும் பழைய நெரிசலும்.

மோட்டார்ப் பேச்சின் தீங்குக்கு இப்போது வருவோம். இந்தியக் குடும்பங்களில் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவானவற்றுக்கே மோட்டார் கார் உண்டு. அந்தச் சிலரே பத்திரிகைக்குக் கடிதம் எழுதுபவர்கள். சட்டசபை உறுப்பினரை நேரில் கண்டு பேசுபவர்கள். நோட்டீஸ் கொடுக்கத் தெரிந்தவர்கள். அவர்கள் ரயிலை விட்டு விலகிவிட்டால் நடைமேடையில் மிஞ்சுபவர்கள் வாய் திறக்க வழியில்லாதவர்கள். குறை சொல்லக்கூடியவன் போய்விட்ட பின் குறையே இல்லையென்று இலாகா அறிக்கை விடுவதில் என்ன ஆச்சரியம்? முன்பெல்லாம் ஆண்டுக்கொரு தடவை ரயில்வேக்கென்று தனி பட்ஜெட் வரும். எந்த ஊருக்கு வண்டி, எந்தப் பாதை இரட்டையாகிறது என்று தேசமே ஒரு நாள் அதைப் பற்றிப் பேசும். 1924 முதல் நடந்த அந்த வழக்கம் 2017-இல் நின்றது. 2020 மார்ச்சில் முதியோர் கட்டணச் சலுகையை நிறுத்தினார்கள். தொற்று ஓய்ந்தும் ஆண்டுக்கணக்கில் அது திரும்பவில்லை. மோட்டாரில் போகும் முதியவர் இதை அறியவும் மாட்டார்.

மோட்டாரிலும் உயிர்ப்பயம் நீங்கியதில்லை. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கே. ரயிலில் இடம் கிடையாமல், பகலெல்லாம் வேலை செய்த களைப்போடு, இரவு முழுவதும் தானே வண்டியோட்டிக்கொண்டு நெல்லைக்கு அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் போகிறவனுக்கு அதைச் சுதந்திரம் என்று சொல்வது பொருந்துமா? ஆயிரம் பேரை ஏற்றிச் செல்லும் ஒரு ரயில் செய்கிற வேலையை மோட்டார் செய்ய இருநூற்றைம்பது வண்டிகள் வேண்டும். அத்தனைக்கும் பரனூரில் இடமேது?

ஆகவே மோட்டார் வைத்திருக்கும் அன்பர்களை நாம் கேட்டுக்கொள்வது, ரயிலின் மேல் தங்களுக்குள்ள பாத்தியதையை விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பதே. தாமதமானால் மனு எழுதுங்கள்; மூன்று மணிக்கு மேல் தாமதமாகி நீங்கள் பிரயாணத்தைக் கைவிட்டால் முழுக் கட்டணமும் திரும்பப் பெறும் விதி இருக்கிறது, அதைப் பிரயோகியுங்கள். சர்க்காரோ வழக்கும் வாய்தாவும் இல்லாமல் தாமதத்துக்கு நஷ்டஈடு தானாகவே கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டும். பொதுப்பெட்டிகளை அதிகமாக்குவதாகச் சொல்லிவருகிறார்கள். ஒவ்வொரு நீண்டதூர வண்டியிலும் எத்தனை கூடின என்ற கணக்கை வண்டி வாரியாக வெளியிடட்டும்.

பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு ரயிலில் உயர்ந்த வகுப்பில் இலவசமாகப் போக அநுமதிச் சீட்டு உண்டு. வைசிராயும் மகாராஜாக்களும் முன்னறிவிப்பில்லாமல் மூன்றாம் வகுப்பில் ஒரு தடவை போய்ப் பார்க்கட்டும் என்று மகாத்மா 1917-லேயே சொன்னார். வைசிராய்களும் மகாராஜாக்களும் போய்விட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து லோக்சபைக்குச் சென்றிருக்கும் 39 உறுப்பினர்களும் அடுத்த தீபாவளிக்கு முந்தின இரவு, அந்தச் சீட்டை வீட்டில் வைத்துவிட்டு, யாருக்கும் சொல்லாமல், நெல்லை வண்டியின் பொதுப்பெட்டியில் ஏறட்டும். ஏற முடிந்தால் விடிந்ததும் தங்கள் அனுபவத்தை எழுதி அனுப்பட்டும். ஒரு வரியும் குறைக்காமல் இந்தப் பக்கத்தில் வெளியிடுகிறோம்.