மறதி என்னும் சொல் மறைப்பது

முதியோர் நினைவிழப்பு என்றதும் நம் கல்விப்புலத்தில் அல்சைமர் என்ற ஒற்றைச் சொல்லே முன்னிற்கிறது. 1906இல் அலோய்ஸ் அல்சைமர் விவரித்த புரதப் படிவுகளைப் பற்றி மாணவர்கள் சரளமாக எழுதுகின்றனர். மூளையின் ஆழ்பகுதிக்குக் குருதி கொண்டுசெல்லும் நுண்தமனிகளைக் குறித்துக் கேட்டால் தயங்குகின்றனர். சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் இவ்வரிசை தலைகீழாக வேண்டும் என்பதே என் கருத்து.

அந்நுண்தமனிகள் மூளையின் வெண்பொருளுக்குள் சென்று முடிபவை. ஒன்று அடைபட்டால் மாற்றுவழி அரிது. ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் உயர் இரத்த அழுத்தமும் நீரிழிவும் அவற்றின் சுவரைத் தடிக்கச் செய்கின்றன. எம்.ஆர்.ஐ. படத்தில் வெண்திட்டுகளாகவும் சிறு குழிகளாகவும் தெரிவது அதன் தடம். இப்பாதிப்பு பல வேளைகளில் மறதியாகத் தொடங்குவதில்லை. நடை தளரும், கணக்குப் பார்க்க நேரமாகும், தொடங்கிய வேலை ஒழுங்கு குலையும். வயதாகிவிட்டது என்று வீட்டார் கடந்துவிடுகின்றனர். பெயர்கள் மறக்கத் தொடங்கிய பின்னரே மருத்துவரை நாடுகின்றனர்.

இரண்டு நோய்களையும் எதிரெதிராக நிறுத்துவதும் பிழை. அமெரிக்கக் கன்னியாஸ்திரீகளின் மூளைகளை ஆராய்ந்து ஸ்னோடன் குழுவினர் 1997இல் வெளியிட்ட கட்டுரை, அல்சைமர் மாற்றங்களோடு சிறு அடைப்புகளும் சேர்ந்திருந்தவர்களிடம் டிமென்ஷியா மிகுந்திருந்ததைக் காட்டியது.

தடுக்க இயலுமா? சிஸ்டாலிக் அழுத்தத்தை 140க்குப் பதிலாக 120க்குக் கீழ் வைக்க முயன்ற ஸ்பிரிண்ட் மைண்ட் ஆய்வில் (2019) லேசான அறிவாற்றல் குறைபாடு 19 விழுக்காடு குறைந்தது. டிமென்ஷியாவில் புள்ளியியல் உறுதி கிட்டவில்லை. அதைவிட முக்கியம், நீரிழிவு உள்ளோர் அதில் சேர்க்கப்படவே இல்லை. நீரிழிவு மலிந்த நம் மண்ணுக்கு அம்முடிவை அப்படியே பெயர்த்துவர முடியாது.

சித்தூருக்கு அண்டையிலுள்ள கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரத்தில், பெங்களூரு இந்திய அறிவியல் கழக வளாகத்து மூளை ஆராய்ச்சி மையம் 45 வயது கடந்த கிராமத்தாரைத் தொடர்ந்து ஆராய்கிறது. அத்தகைய நெடுங்கால ஆய்வைத் திருப்பதி ஸ்விம்ஸ் போன்ற நிறுவனங்களும் இங்கு முன்னெடுக்க வேண்டும். இடர்ப்பாடு தேர்வுக் கருவியில் உள்ளது. சிந்தனை வேகத்தை அளக்க எண்களைக் கோட்டால் இணைக்கச் சொல்கிறோம். பென்சில் பிடித்தறியாத கை அங்கே தோற்பதற்கு மூளைதான் காரணம் என்று எவ்வாறு சொல்வது? நகரி, புத்தூர்ப் பக்கத்தில் வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்கும் பேசும் பாட்டியிடம் எம்மொழியில் கேட்பது?

அதுவரை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் அழுத்தம் அளக்கும் நாளிலேயே நான்கு மீட்டர் நடக்கச் சொல்லி நேரம் குறிக்கலாம். மூட்டுவலியும் நடையைத் தளர்த்தும் என்பதால், யாரை மேற்சோதனைக்கு அனுப்புவது என்று முடிவுசெய்ய மட்டுமே அது உதவும்.