தொட்டுப் பார்க்கச் சொல்லுங்க

"மேமோகிராம் எடுத்தாச்சு, ஒண்ணுமில்ல"ன்னு தாளைக் கையில் கொடுத்தால் நம்ம பெண்கள் நிம்மதியா வீடு திரும்புறாங்க. அந்தத் தாளை மட்டும் நம்பி உட்காரக் கூடாது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எக்ஸ்ரே படத்தில் மார்பின் கொழுப்பு கறுப்பாக விழும். அடர்ந்த திசு வெள்ளையாக விழும். புற்றுக்கட்டியும் வெள்ளைதான். வெள்ளைக்குள்ள வெள்ளை எப்படித் தெரியும்? இளவயசில் திசு அடர்த்தி அதிகம். இந்தியப் பெண்களுக்கோ மேலைநாட்டுப் பெண்களைவிடச் சுமார் பத்து வருஷம் முன்னாடியே இந்த நோய் வருகிறது. லோபுலர் என்ற வகை கட்டியாகத் திரளாமல் வரிசையாகப் பரவும்; படத்திலும் எளிதில் சிக்காது. அமெரிக்காவில் 2024 செப்டம்பரிலிருந்து, திசு அடர்த்தி பற்றி அந்தப் பெண்ணுக்கே எழுதித் தெரிவிப்பது கட்டாயம்.

அப்போ ஏழைக்கு என்ன வழி? மும்பைக் குடிசைப் பகுதிகளில் டாடா நினைவு மருத்துவமனை 1998-இல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. ஒன்றரை லட்சம் பெண்கள். பாதிப் பேரைப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணிப்பெண்கள் கையாலேயே சோதித்தார்கள். 2021-இல் முடிவு வந்தது: 50 வயசும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் மார்புப் புற்றுச் சாவு ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்திருந்தது. இளையவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. மறுபாதிக்கு இந்தச் சோதனை கிடையாது. அவங்களும் ஏழைப் பெண்கள்தான்.

கைச்சோதனைக்கு ஒரே நிபந்தனை: தொடணும். சேரிப் பெண்ணை எட்ட நிக்க வச்சு, நாடிகூடப் பிடிக்காம மாத்திரை எழுதுற கை எப்படி மார்பைச் சோதிக்கும்? தீண்டாமை டீக்கடையோடு நிற்பதில்லை, தோழர்களே. அது நோயையும் மறைக்கும்.

30 வயசு தாண்டிய பெண்களுக்குக் கைச்சோதனை செய்யணும் என்று 2016-லேயே மத்திய அரசு வழிகாட்டுதல் வந்துவிட்டது. அது சலுகை இல்ல, உரிமை. செஞ்சி வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் அதைக் கேளுங்க. கட்டி, காம்பு உள்ளிழுப்பு, தோல் சுருக்கம், தடிப்பு எது இருந்தாலும், படம் சுத்தமா இருக்குன்னு திருப்பி அனுப்ப விடாதீங்க. அல்ட்ராசவுண்டும் ஊசிச் சோதனையும் கேளுங்க. முண்டியம்பாக்கத்துக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ போனால் ஒரு நாள் கூலி போச்சு. அந்தக் கூலியையும் பஸ் காசையும் சேர்த்தே நம்ம கோரிக்கையில் எழுதணும்.