சோக்கைத் திறந்தால் அணையும் ஜெனரேட்டர்... என்ன கோளாறு?

“படகில் விளக்குப் போடவும், கரன்ட் போனால் வீட்டுக்கும் 2 கே.வி.ஏ பெட்ரோல் ஜெனரேட்டர் பயன்பாட்டில் இருக்கிறது. சில மாதங்கள் சும்மா கிடந்தது. இப்போது சோக் போட்டால் ஓடுகிறது; திறந்தால் அணைந்துவிடுகிறது. எஞ்சினையே மாற்றச் சொல்கிறார்கள். வேறு வழி உண்டா?”

- வாசகர், வேதாரண்யம்.

எஞ்சினை மாற்றும் அளவுக்கு இது பெரிய கோளாறு இல்லை. சோக் போட்டால் காற்று குறைந்து, பெட்ரோல் கூடுதலாக உறிஞ்சப்படும். அப்போது மட்டும் ஓடுகிறது என்றால், மற்ற நேரத்தில் பெட்ரோல் போதுமான அளவு போகவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் கார்புரேட்டர் ஜெட்தான் அடைத்திருக்கும்.

பல மாதங்கள் தேங்கிய பெட்ரோல், பிசின்போல மாறி ஜெட்டின் ஊசித்துளையை அடைத்துக்கொள்ளும். தற்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால், காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் அதிகமானால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியாகப் பிரிந்து, டேங்கின் அடியில் இறங்கிவிடும். எஞ்சினுக்குப் பெட்ரோல் போவதும் அடியிலிருந்துதான். கடலோரக் காற்றில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, கார்புரேட்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். அடியில் தனி அடுக்காக நின்றால், அது தண்ணீர். டேங்கை முழுவதும் காலிசெய்து, புதுப் பெட்ரோல் ஊற்றுங்கள். ஜெட்டைக் கழற்றி, கார்புரேட்டர் கிளீனர் அடித்து, காற்றால் ஊத வேண்டும். கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும், அப்புறம் கரும்புகைதான். அதற்கும் சரியாகவில்லை என்றால், கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள கேஸ்கெட் வழியாகக் காற்று புகுகிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஸ்டார்ட்டே ஆகவில்லை என்றால், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். நுனி நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, தீப்பொறி இல்லை. காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. உப்புக்காற்றில் பிளக் கேப், ஆஃப் சுவிட்ச் இணைப்புகளில் பச்சைக்களிம்பு பிடிக்கும். அதைச் சுரண்டிச் சுத்தம் செய்தாலே பல எஞ்சின்கள் ஓடிவிடும். இன்னொன்று... ஆயில் குறைந்தால் எஞ்சினை நிறுத்தும் சென்சார் பல மாடல்களில் இருக்கிறது. படகு ஆடி எஞ்சின் சாய்ந்தாலும் அது தீப்பொறியை நிறுத்திவிடும். கரையில் நன்றாக ஓடி, கடலில் மட்டும் நின்றால், முதல் சந்தேகம் இதன்மீதுதான் வர வேண்டும்.

அரைமணி நேரம் ஓடி நின்றுபோனால், டேங்க் மூடியைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள். உடனே ஓடினால், மூடியில் உள்ள காற்றுத்துளை அடைத்திருக்கிறது. ஆறிய பிறகுதான் ஓடும் என்றால், இக்னிஷன் காயிலைச் சோதிக்க வேண்டும்.

எஞ்சின் ஓடியும் கரன்ட் வரவில்லை என்றால், முதலில் பிரேக்கர் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். நெடுநாள் ஓடாமல் கிடந்தால் ரோட்டாரில் இருக்கும் காந்தசக்தி போய்விடுவதும் உண்டு. அதை மீட்பது காயில் கட்டுபவரின் வேலை. வீட்டில் பேட்டரி வைத்து முயல வேண்டாம்.

ஒரு முக்கியமான விஷயம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது, வேதாரண்யம் பகுதி கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. ஜெனரேட்டர் வைத்துத்தான் தண்ணீர்த் தொட்டிகளை நிரப்பினார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் மழைக்குப் பயந்து ஜெனரேட்டரைத் தாழ்வாரத்திலோ, படகின் அறைக்குள்ளோ ஓட்டிவிடக் கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை; தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடித்தளத்தில் தேங்கி நின்றால், ஒரு சிறு பொறி போதும். எனவே, படகில் திறந்த மேல்தளத்தில்தான் வைக்க வேண்டும். வீட்டு பிளக் பாயின்ட்டில் ஜெனரேட்டர் ஒயரைச் செருகுவதும் ஆபத்து. மின்சாரம் கம்பத்துக்கு ஏறி, லைன் சரிசெய்யும் ஊழியரைத் தாக்கும். மாற்று சுவிட்ச் கட்டாயம் போடுங்கள்.

சுத்தம் செய்த ஜெனரேட்டரை மறுபடி ஒதுக்கி வைக்கும்போது, டேங்கைக் காலிசெய்துவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். கார்புரேட்டரில் மிச்சமிருக்கும் பெட்ரோலும் தீர்ந்துவிடும். மாதம் ஒருமுறை கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி, ஒரு விளக்கு, ஃபேன் போட்டு 15 நிமிடங்கள் ஓட்டிவிட்டு, மறுபடி இதேபோல் காலிசெய்து வையுங்கள்.