கூரை யாருக்குச் சொந்தம்?

சூரிய ஒளியில் இயங்கும் ‘சுழிய ஆற்றல் வீடு’ இன்று வீட்டுமனை விளம்பரங்கள் வரை வந்துவிட்டது. தொடர் சற்றே மயக்கம் தருவது. மின்சாரமே செலவழிக்காத வீடு என்று அதற்குப் பொருளல்ல. ஓராண்டில் செலவழிக்கும் மின்சாரத்தின் அளவுக்குத் தானே உற்பத்தி செய்துகொள்ளும் வீடு என்பதே பொருள். பகலில் மிஞ்சியதை மின் கட்டமைப்புக்குக் கொடுத்து, இரவில் வேண்டியதை அங்கிருந்து பெற்றுக்கொள்ளும்.

எல்லாத் தட்பவெப்பத்திலும் இது இயலுமா? இயலும், வழிதான் ஊருக்கு ஊர் வேறுபடும். லடாக்கில் தடித்த மண்சுவரும் தெற்கு நோக்கிய கண்ணாடியும் பகல் வெயிலைப் பிடித்து இரவுக்குச் சேமித்துத் தருகின்றன. ஐதராபாத்தின் மே மாதத்திலோ மின்தகடே 60 டிகிரிக்குச் சூடேறுகிறது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 விழுக்காடு உற்பத்தி குறையுமாதலால், பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழப்பு. ஆயினும் அவ்வறண்ட வெயிலில் குறைந்த மின்சாரத்தில் ஓடும் ஏர்கூலர் வீட்டைக் குளிர்விக்கிறது. புழுக்கம் மிகுந்த சென்னையில் அது உதவாது, ஏ.சி.யே கதி என்பதால் செலவும் ஏறும்.

தடை தட்பவெப்பத்தில் இல்லை என்பதைப் பாலாநகரில் கண்கூடாகக் காணலாம். பட்டறைகளையும் ஆலைகளையும் நம்பி வந்த தொழிலாளர்கள் அங்கே வாடகை அறைகளில் வாழ்கின்றனர். தகரத்தையோ சிமெண்ட் ஷீட்டையோ கூரையாகக் கொண்ட அறைகள் பல. மின்தகட்டின் பாரத்தை அவை தாங்கா. மாடி வீடாயினும் கணக்கு இடிக்கிறது. ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலற்ற இடம் வேண்டும். அது நாளொன்றுக்கு 4 யூனிட் தரும். எட்டுக் குடும்பங்கள் வாழும் கட்டடத்தின் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டி போக, 600 சதுர அடி கிடைப்பதாகக் கொள்வோம். மாதம் 720 யூனிட். குடும்பத்துக்கு 90 யூனிட்தான் வரும். அந்த மாடியும் வீட்டுக்காரருடையது.

2024 பிப்ரவரியில் தொடங்கிய ஒன்றிய அரசின் ‘பி.எம். சூர்ய கர்’ திட்டம் ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டது. ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். மானியம் போக எஞ்சும் தொகையைப் போடவோ கடன் வாங்கவோ வலுவுள்ள, சொந்தக் கூரையுள்ள குடும்பத்துக்கே அது போய்ச் சேர்கிறது. தெலங்கானா அரசின் 2023ஆம் ஆண்டுக் குளிர்கூரைக் கொள்கையும் 600 சதுர கஜத்துக்கு உட்பட்ட வீடுகளுக்கு வெள்ளைப் பூச்சை விருப்பத்துக்கு விட்டுவிட்டது. வெந்து தணியாத கூரைகள் இருப்பதோ அவ்வீடுகளில்தான்.

இன்னொன்றும் உண்டு. ‘கிருஹ ஜோதி’ திட்டத்தின்கீழ் தகுதியுள்ள குடும்பங்களுக்கு 200 யூனிட் வரை கட்டணமில்லை. வரவேற்கத்தக்கதே. அதற்கான தொகையை மாநில அரசு மின்பகிர்மான நிறுவனங்களுக்கு மாதந்தோறும் ஈடுசெய்தாக வேண்டும். அச்செலவின் ஒரு பகுதியை முதலீடாக்கி, அரசுப் பள்ளிகள், பேருந்துப் பணிமனைகள், பொதுத்துறை நிலங்கள் ஆகியவற்றில் மின்பகிர்மான நிறுவனமே சூரிய மின்நிலையங்களை அமைத்து, அந்த உற்பத்தியை வாடகைக் குடும்பங்களின் மீட்டர்களில் வரவு வைக்கலாம். மெய்நிகர் நிகர அளவீடு என்னும் இம்முறை தில்லியில் ஏற்கெனவே விதிகளில் இடம்பெற்றுள்ளது. அதற்கு முதலில் ஒவ்வொரு வாடகை அறைக்கும் தனி மீட்டர் வேண்டும். ஷீட் கூரைகளுக்கு அரசு செலவில் வெள்ளைப் பூச்சு வேண்டும். அடுத்த கோடைக்கு முன்பே இவ்விரண்டையும் பாலாநகரில் தொடங்குவதற்கு மாநில அரசுக்கு எந்தத் தடையுமில்லை.